ஆல்பைனுக்கு மாறியும் நோட் இமேஜ் ஏன் இன்னும் பெருத்தே இருக்கிறது?

பின்னால் வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியை ஒருமுறை சுருக்கிவிடுகிறேன். நோட்.ஜேஎஸ்ஸில் ஓடும், டைப்ஸ்கிரிப்டில் எழுதிய எக்ஸ்பிரஸ் ஆப். படங்களைச் சிறிதாக்க ஷார்ப், டேட்டாபேஸுக்கு ப்ரிஸ்மா, பாஸ்வேர்டுக்கு பிகிரிப்ட். ஆப்பையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிய டாக்கர் இமேஜ் முதலில் 1.8 ஜிபி வந்தது. எல்லோரும் சொன்னபடி ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் இமேஜுக்கு மாறினீர்கள், 900 எம்பியில் வந்து நின்றுவிட்டது. கோ மொழியில் எழுதும் நண்பர் தன் 15 எம்பி இமேஜைக் காட்டிச் சிரிக்கிறார். 100 எம்பிக்குள் கொண்டுவர வழி உண்டா, அதற்கு மெனக்கெடுவதில் பயன் உண்டா என்று கேட்கிறீர்கள். இமேஜை உருவாக்கும் கட்டளைகள் உள்ள டாக்கர்ஃபைலையும் கூடவே போட்டது நல்லதாகப் போயிற்று. அதைப் படித்தால், எந்த அடிப்படை இமேஜ் நல்லது என்று பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருப்பது தெரிகிறது: அந்த 900 எம்பியில் எது எங்கிருந்து வந்தது என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை.

முதலில் அந்த 100 எம்பி விஷயத்தை முடித்துவிடுவோம். கோ கம்பைலர் தருவது தனியாக ஓடக்கூடிய ஒற்றை பைனரி. அதைக் காலி இமேஜில் வைத்தால்கூட ஓடும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, கோடுடன் அதை ஓட்டும் நோட் ரன்டைமும் போயாக வேண்டும். நோட் 22-இன் லினக்ஸ் பைனரி மட்டுமே 100 எம்பியைத் தாண்டும். வி8 எஞ்சின், ஓபன்எஸ்எஸ்எல், லிப்யுவி, பல மொழிகளின் தேதி, எண் வடிவங்களை வைத்திருக்கும் ஐசியு தரவு எல்லாம் அந்த ஒரே ஃபைலுக்குள் இருக்கின்றன. ஆகவே விரித்த நிலையில் 100-க்குக் கீழே என்பது நடக்காத காரியம். நண்பரோடு போட்டி போட வேண்டாம். ஆனால் இமேஜ்களைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரிக்குப் போகும்போதும் அங்கிருந்து வரும்போதும் இமேஜின் அடுக்குகளான லேயர்கள் சுருக்கப்பட்டே பயணிக்கின்றன. அந்தக் கணக்கில் நோட்டின் ஆல்பைன் இமேஜ் சுமார் 50 எம்பிதான், ஆக உங்கள் இலக்கு எட்டாத ஒன்றும் இல்லை. டாக்கர் ஹப் பக்கத்தில் தெரிவது சுருக்கிய அளவு. உங்கள் மெஷினில் இமேஜ் பட்டியல் காட்டுவது, டாக்கரின் பழைய இமேஜ் ஸ்டோரில், விரித்த அளவு. அதற்குப் பதில் கன்டெய்னர்டி இமேஜ் ஸ்டோர் இயங்கினால் அது இரண்டையும் கூட்டிக் காட்டும், அதனால் ஒரே இமேஜ் இரண்டு லேப்டாப்பில் இரண்டு அளவாகத் தெரியும். எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெரியாமல் நடக்கும் வாக்குவாதம் ஏராளம்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் வந்து, நோட்டை நாமே கம்பைல் செய்து ஐசியு தரவை வெட்டிவிடலாமே என்பார். வெட்டலாம். ஆனால் ஆங்கிலம் மட்டும் இருக்கும் சிறிய ஐசியு பில்டில் தமிழில் மாதப் பெயர் கேட்டால் ஆங்கிலத்தில் திரும்பி வரும், எரர்கூட வராது. நோட் 13-க்கு முன்பு இயல்பாகவே அப்படித்தான் இருந்தது. சில பத்து எம்பிக்காக அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு செக்யூரிட்டி வெளியீட்டுக்கும் நீங்களே உட்கார்ந்து நோட்டைக் கம்பைல் செய்ய வேண்டிய வேலை வேறு சேர்ந்துகொள்ளும்.

சரி, 900 எங்கிருந்து வந்தது? டாக்கர்ஃபைலில் ரன், காப்பி, ஆட் என்று எழுதும் ஒவ்வொரு வரியும் இமேஜில் ஒரு லேயர். ஒரு லேயர் எழுதப்பட்டுவிட்டால் அதற்குப் பின்னால் வரும் எந்த வரியாலும் அதன் அளவைக் குறைக்க முடியாது. அடுத்த வரியில் ஒரு ஃபைலை அழித்தால், மேல் லேயரில் 'இது இல்லை' என்ற மறைப்புக் குறி மட்டும் விழும். கீழே ஃபைல் அப்படியே இருக்கும், அதற்கான பாரத்தையும் நீங்கள் சுமந்துகொண்டே இருப்பீர்கள். இது ஒன்று மனதில் உட்கார்ந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

உங்கள் ஃபைலை இந்தக் கண்ணோடு பாருங்கள். அடிப்படை ஆல்பைன் இமேஜ் சுமார் 160 எம்பி. அடுத்த வரியில் பைத்தான், மேக் (make) என்ற பில்ட் டூல், சி++ கம்பைலர் மூன்றையும் ஏற்றுகிறீர்கள், அதுவே 200 எம்பிக்கு மேல். பிறகு மொத்த ஃபோல்டரையும் காப்பி செய்து, நோட்டின் பேக்கேஜ் மேனேஜரான என்பிஎம்மின் இன்ஸ்டால் ஓடுகிறது. பில்டுக்கும் டெஸ்டுக்கும் மட்டும் வேண்டிய டெவ் டிபெண்டன்சிகள் உட்பட எல்லாம் வந்து இறங்குகின்றன, ரூட் யூசரின் ஹோமில் என்பிஎம் கேஷ் ஒன்றும் சத்தமில்லாமல் தங்கிவிடுகிறது. பில்ட் ஓடி, கம்பைல் ஆன கோடு உள்ள டிஸ்ட் ஃபோல்டர் உருவாகிறது. டைப்ஸ்கிரிப்ட், ஜெஸ்ட், இஎஸ்லின்ட் எல்லாம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. கடைசிக்கு முந்தைய வரி இன்னும் மோசம்: ஆப் ஃபோல்டர் முழுவதையும் நோட் யூசருக்கு மாற்றும் சௌன் கட்டளை.

அந்த சௌன் வரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு இது தெரிவதில்லை. ஃபைலின் உள்ளடக்கம் ஒரு எழுத்துகூட மாறவில்லை, உரிமையாளர் மட்டும்தான் மாறுகிறார். ஆனால் லேயர் என்பது ஃபைல் அளவில்தான் வேறுபாட்டைப் பார்க்கும். உரிமையாளர் மாறினாலே அது புதிய ஃபைல், முழுதாக மேல் லேயருக்குப் பிரதி எடுக்கப்படும். ஆக பேக்கேஜ்கள் இறங்கியிருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர் உங்கள் இமேஜில் இரண்டு முறை இருக்கிறது. காப்பி வரியிலேயே சௌன் ஃபிளாக் கொடுத்தால் இந்தச் செலவு முழுவதும் போய்விடும். அதைவிட நல்ல கேள்வி, சௌன் எதற்கு என்பது. ஆப் தன் கோடை வாசித்தால் போதும், எழுதத் தேவையில்லை. ரூட்டுக்குச் சொந்தமான ஃபைல்களை நோட் யூசராக இருந்து ஓட்டுவதில் எந்தத் தடையும் இல்லை, பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது. அப்லோடு ஆகும் படங்களைத் தற்காலிகமாக வைக்கும் ஃபோல்டர் ஒன்றை மட்டும் அந்த யூசருக்குக் கொடுங்கள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். டாக்கர் ஹிஸ்டரி கட்டளை ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு எம்பி என்று வரிசையாகக் காட்டிவிடும். அதற்குமேல் துருவ வேண்டுமென்றால் டைவ் என்ற டூல் இருக்கிறது. ஒவ்வொரு லேயரிலும் எந்த ஃபைல் சேர்ந்தது, எது வீணாக இரண்டு முறை இருக்கிறது என்று டெர்மினலிலேயே காட்டும். இமேஜிலிருந்து ஓடும் கன்டெய்னருக்குள் போய் நோட் மாட்யூல்ஸின் உள்ளே ஒவ்வொரு பேக்கேஜும் எவ்வளவு என்று டியு கட்டளையால் வரிசைப்படுத்திப் பார்ப்பது மூன்றாவது. என்னிடம் யாராவது இமேஜ் பெரிதாக இருக்கிறது என்று வந்தால் இந்த மூன்றையும் பார்க்காமல் டாக்கர்ஃபைலில் கை வைப்பதில்லை. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வரிகளிலேயே பாதி எடை பிடிபட்டுவிடும்.

தீர்வின் மையம் மல்டி-ஸ்டேஜ் பில்ட். 2017-இல் டாக்கர் 17.05 பதிப்பில் வந்தது, புதிய சங்கதி ஒன்றும் இல்லை, ஆனாலும் இன்றைக்கும் பாதி டாக்கர்ஃபைல்களில் காணோம். கான்கிரீட் போடும்போது சென்ட்ரிங் பலகையும் முட்டுக்கம்பும் வேண்டும், தளம் இறுகியதும் கழற்றிவிடுகிறோம், குடிபோகும்போது யாரும் அவற்றோடு குடிபோவதில்லை. அதேபோல முதல் ஸ்டேஜில் கம்பைலர், டெவ் டிபெண்டன்சி, கேஷ் என்று எதை வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். கடைசி ஸ்டேஜ் புதிய அடிப்படை இமேஜிலிருந்து தொடங்கும், முதல் ஸ்டேஜிலிருந்து நமக்குத் தேவையான ஃபோல்டர்களை மட்டும் எடுத்து வைக்கும். முதல் ஸ்டேஜில் எவ்வளவு குப்பை இருந்தாலும் கடைசி இமேஜுக்குப் பாரமில்லை.

உங்கள் ஆப்புக்கு நான் மூன்று ஸ்டேஜ் வைப்பேன். முதலாவது பில்ட்: பேக்கேஜ்.ஜேசன், பேக்கேஜ்-லாக்.ஜேசன் இரண்டையும் மட்டும் முதலில் காப்பி செய்து என்பிஎம் சிஐ ஓட்டுங்கள், அதன் பிறகுதான் மீதி சோர்ஸ். இந்த வரிசை முக்கியம். கோடில் ஒரு வரி மாற்றினால் டிபெண்டன்சி லேயர் கேஷிலிருந்தே வரும். நீங்கள் இப்போது எழுதியிருப்பதுபோல் எல்லாவற்றையும் முதலிலேயே காப்பி செய்தால் ரீட்மீயில் ஒரு எழுத்து மாற்றினாலும் மொத்தமும் மறுபடி இறங்கும். இன்ஸ்டாலுக்குப் பதில் சிஐ ஏன் என்றால், அது லாக் ஃபைலில் இருப்பதை மட்டும் அப்படியே நிறுவும், லாக் ஃபைலும் பேக்கேஜ்.ஜேசனும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது ஸ்டேஜ், அதே இரண்டு ஃபைல்களை வைத்து ஒமிட் டெவ் ஃபிளாக்குடன் சிஐ ஓட்டி, ப்ரொடக்ஷன் டிபெண்டன்சிகளை மட்டும் எடுப்பது. டாக்கரின் பில்ட் எஞ்சினான பில்ட்கிட் இந்த இரண்டு ஸ்டேஜையும் ஒரே நேரத்தில் ஓட்டும். 2023-இல் வந்த டாக்கர் எஞ்சின் 23-லிருந்து லினக்ஸில் பில்ட்கிட்தான் இயல்பு. மூன்றாவது கடைசி இமேஜ்: இரண்டாவதிலிருந்து நோட் மாட்யூல்ஸ், முதலாவதிலிருந்து டிஸ்ட், அவ்வளவுதான். என்பிஎம் கேஷுக்கு பில்ட்கிட்டின் கேஷ் மவுன்ட்டைப் பயன்படுத்தினால் அது எந்த லேயரிலும் சேராது, அடுத்த பில்டுக்கும் உதவும்.

ப்ரிஸ்மா வைத்திருப்பவர்கள் இந்த மூன்று ஸ்டேஜ் முறையில் ஒரு இடத்தில் இடறுவார்கள். ப்ரிஸ்மா ஜெனரேட் கட்டளை, பழைய முறை ஜெனரேட்டரில், உருவாக்கும் கிளையன்ட்டை நோட் மாட்யூல்ஸுக்குள்ளேயே புள்ளியில் தொடங்கும் ப்ரிஸ்மா ஃபோல்டரில் வைக்கும். அது ஓடியது முதல் ஸ்டேஜில், நீங்கள் எடுத்து வைப்பது இரண்டாவது ஸ்டேஜின் நோட் மாட்யூல்ஸை. இமேஜ் அழகாக பில்ட் ஆகும், ஓட்டினால் கிளையன்ட் இன்னும் தயாராகவில்லை என்று விழும். முதல் ஸ்டேஜில் உருவான அந்த ஃபோல்டரைத் தனியாக ஒரு காப்பி வரியில் எடுத்து வையுங்கள், அல்லது ஜெனரேட்டரின் வெளியீட்டை சோர்ஸ் ஃபோல்டருக்குள் போகும்படி அமையுங்கள். ஸ்கீமாவில் பைனரி டார்கெட் என்று பல தளங்களைக் குறிப்பிட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு எஞ்சின் ஃபைல் வந்து இறங்கும். லேப்டாப்புக்கு ஒன்று, சர்வருக்கு ஒன்று என்று எழுதியது அப்படியே இமேஜுக்குள் போயிருக்கிறதா பாருங்கள். இன்னொன்று, டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன். அதை ஓட்ட ப்ரிஸ்மாவின் கட்டளை வரி டூலான சிஎல்ஐ வேண்டும், அது டெவ் டிபெண்டன்சி. இதற்காகவே சிஎல்ஐயை ப்ரொடக்ஷனுக்கு மாற்றிவிடுகிறார்கள், இமேஜ் மீண்டும் வீங்குகிறது. அதே டாக்கர்ஃபைலில் மைக்ரேஷனுக்கென்று வேறொரு டார்கெட் வைத்து, டிப்ளாய்க்கு முன்னால் ஒருமுறை ஓடும் ஜாபாக அதை ஓட்டுவது சுத்தமான வழி.

அப்புறம் அந்த பைத்தான், சி++ கம்பைலர் வரி. முதலில் அதை நீக்கிவிட்டு ஒருமுறை பில்ட் செய்து பாருங்கள். ஷார்ப், பிகிரிப்ட் இரண்டுமே இன்று முன்கூட்டியே கம்பைல் செய்த பைனரிகளோடு வருகின்றன, ஷார்ப் ஆல்பைனுக்கும் தருகிறது. எப்போதோ ஒரு பழைய கட்டுரையிலிருந்து ஒட்டப்பட்ட வரியாக அது இருக்கலாம். உண்மையிலேயே வேண்டியிருந்தால், முதல் இரண்டு ஸ்டேஜில் மட்டும் இருக்கட்டும்.

எவை இமேஜுக்குள் போகக் கூடாது என்று சொல்லும் டாக்கர்இக்னோர் ஃபைல் உங்களிடம் இல்லை என்று நினைக்கிறேன், பட்டியலில் காணவில்லை. அது இல்லாவிட்டால் கிட் வரலாறு, லேப்டாப்பில் இருக்கும் நோட் மாட்யூல்ஸ், ரகசியங்கள் உள்ள என்வ் ஃபைல் எல்லாம் உள்ளே போகும். ஆப்பிள் மேக் கணினியில் நிறுவிய நோட் மாட்யூல்ஸ் லினக்ஸ் இமேஜுக்குள் நுழைந்து, சரியாக நிறுவியதன் மேல் படிந்துவிட்டால் ஷார்ப் கண்டிப்பாக விழும். அளவைவிடப் பெரிய ஆபத்து என்வ் ஃபைல். லேயரை அழிக்க முடியாது என்று மேலே சொன்னது ரகசியங்களுக்கும் பொருந்தும்: ஒரு வரியில் காப்பி செய்து அடுத்த வரியில் அழித்த டோக்கனை இமேஜ் கையில் கிடைத்த யாரும் எடுத்துவிடலாம். தனியார் ரெஜிஸ்ட்ரிக்கான என்பிஎம் டோக்கனை பில்ட் ஆர்க்யுமென்ட்டாகக் கொடுத்தால் அது ஹிஸ்டரியிலேயே தெரியும். அதற்கு பில்ட்கிட்டின் சீக்ரெட் மவுன்ட்தான் சரியான இடம்.

இனி அடிப்படை இமேஜ். பின்னொட்டு இல்லாத நோட் 22 என்ற டேக் விரித்தால் ஒரு ஜிபியைத் தாண்டும், ஏனென்றால் அது டெபியன் என்ற லினக்ஸ் மீது கம்பைலர், கிட், பைத்தான், ஏகப்பட்ட டெவலப்மென்ட் லைப்ரரிகள் எல்லாம் ஏற்றப்பட்டது. பில்ட் ஸ்டேஜுக்கு அருமையான இமேஜ், கடைசி ஸ்டேஜுக்கு ஆகாது. ஸ்லிம் அதே டெபியனில் நோட்டை மட்டும் வைத்திருக்கும், சுமார் 220-லிருந்து 250 எம்பி. ஆல்பைன் சுமார் 160. இந்த 60, 90 எம்பி வித்தியாசத்துக்காகத்தான் எல்லோரும் ஆல்பைன் ஆல்பைன் என்கிறார்கள். உங்கள் இமேஜில் கம்பைலர் வரி ஒன்றே அதைவிட அதிகம்.

அந்த வித்தியாசம் இலவசமாகவும் வருவதில்லை. டெபியனின் சி லைப்ரரி ஜிலிப்சி, ஆல்பைனுடையது மஸல். ஜிலிப்சிக்காகக் கம்பைல் ஆன நேட்டிவ் மாட்யூல், அதாவது சி அல்லது சி++ கோடு உள்ள பேக்கேஜ், ஆல்பைனில் ஓடாது. எல்டி-லினக்ஸ் என்று தொடங்கும் ஒரு ஃபைலைக் காணோம் என்ற எரரைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆகவே பில்ட் ஸ்டேஜ் டெபியன், கடைசி ஸ்டேஜ் ஆல்பைன் என்று கலக்கவே கூடாது. டெபியனுக்குள்ளேயேகூட இரண்டு ஸ்டேஜிலும் ஒரே வெளியீட்டுப் பெயரை, புக்வர்ம் என்றால் இரண்டிலும் புக்வர்ம் என்று, வெளிப்படையாக எழுதுங்கள். புதியதில் கம்பைல் ஆனது பழையதில் ஜிலிப்சி பதிப்பு போதாது என்று நிற்கும். நோட் திட்டமே மஸல் பில்டை சோதனை நிலையில்தான் வைத்திருக்கிறது, ஆல்பைனுக்கான பைனரிகள் அதிகாரபூர்வமற்ற பில்ட் பிரிவிலிருந்து வருகின்றன. பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸின் பதில் பெரிதாக இருந்தால் டிசிபிக்கு மாறிக் கேட்கும் வசதி மஸலில் 2023-இல் வந்த 1.2.4 பதிப்பில்தான் சேர்ந்தது, ஆல்பைன் கணக்கில் 3.18. அதற்கு முந்தைய ஆல்பைனில், கன்டெய்னர்களைப் பல சர்வர்களில் ஓட்டும் குபர்னெட்டீஸ் உள்ளே சில பெயர்கள் மட்டும் சில நேரம் கிடைக்காமல் போகும் வகைப் பிழைகளுக்குப் பலர் இரவுத் தூக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. ஆல்பைனில் நோட் மெதுவாக ஓடுமா என்ற கேள்விக்கு அப்படி உறுதியான பதில் கிடையாது. மஸலில் மெமரியைப் பிரித்துக் கொடுக்கும் அலகேட்டர் பல த்ரெட்கள் மோதும் வேலைகளில் பின்தங்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. ஜேசனை வாங்கி டேட்டாபேஸுக்கு அனுப்பும் ஆப்பில் அந்த வித்தியாசம் கண்ணில் படாமலே போகலாம். உங்களுக்கு விஷயம் இன்னும் சிக்கல், ஏனென்றால் ஷார்ப் இருக்கிறது. ஷார்ப்பின் ஆவணமே ஜிலிப்சியின் அலகேட்டர் நீண்ட நேரம் ஓடும் பல-த்ரெட் வேலைகளுக்கு ஏற்றதல்ல என்கிறது, ஜிலிப்சியைக் கண்டால் ஷார்ப் தன் த்ரெட்களைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. ஆல்பைனுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. டெபியன் ஸ்லிமில் இருந்தால் ஜெமலாக் என்ற வேறு அலகேட்டரை நிறுவி முன்கூட்டியே லோடு ஆகும்படி செய்ய வேண்டும், அதற்கு ஓரிரு எம்பிதான் செலவு. ஆக உங்கள் ஆப்புக்கு எது வேகம் என்பதை உங்கள் படங்களை வைத்து இரண்டிலும் ஓட்டிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். எதையும் அளக்காமல் ஒன்றைச் சொல் என்று என்னைக் கட்டாயப்படுத்தினால் ஸ்லிம் என்பேன். அறுபது எம்பிக்காக இரண்டாவது சி லைப்ரரியைக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பதுதான் காரணம். ஏற்கெனவே ஆல்பைனில் பிரச்சினை இல்லாமல் ஓடுகிறதென்றால் மாற்றவும் சொல்ல மாட்டேன்.

கூகுள் தொடங்கிய டிஸ்ட்ரோலெஸ் இமேஜ்கள் மூன்றாவது வழி. டெபியனின் ஜிலிப்சியும் நோட்டும் மட்டும் இருக்கும், ஷெல் கிடையாது, பேக்கேஜ் மேனேஜர் கிடையாது, என்பிஎம்மும் கிடையாது. அளவு ஆல்பைனுக்கு அருகில் வரும், மஸல் தலைவலி இல்லை, நேட்டிவ் மாட்யூல்கள் அப்படியே ஓடும். பாதுகாப்பு ஸ்கேனர்களின் அறிக்கையும் சட்டென்று சுருங்கும். நோட் இமேஜில் ஸ்கேனர் கத்துவதில் கணிசமான பகுதி உங்கள் கோடைப் பற்றியே இருக்காது, என்பிஎம் தனக்குள் வைத்திருக்கும் பேக்கேஜ்களைப் பற்றி இருக்கும். விலை என்னவென்றால், பிரச்சினை வந்தால் கன்டெய்னருக்குள் நுழைந்து பார்க்க முடியாது. டீபக் டேக்கில் பிஸிபாக்ஸ் ஷெல் இருக்கிறது, குபர்னெட்டீஸில் தற்காலிக டீபக் கன்டெய்னரை ஒட்டவும் செய்யலாம், ஆனால் டீமில் எல்லோருக்கும் அது பழக்கமாகும்வரை நடுராத்திரி அழைப்புகளில் கொஞ்சம் திட்டு வாங்குவீர்கள். கர்ல் வைத்து ஹெல்த்செக் எழுதியிருந்தால் அதையும் நோட்டிலேயே மாற்றி எழுத வேண்டும். என்ட்ரிபாயின்ட் ஏற்கெனவே நோட் என்பதால் சிஎம்டி வரியில் ஃபைல் பெயர் மட்டும் போதும்.

என்பிஎம் இல்லாவிட்டால் எப்படி ஸ்டார்ட் செய்வது என்று கேட்பீர்கள். என்பிஎம் ஸ்டார்ட் உங்கள் டாக்கர்ஃபைலின் கடைசி வரியில் இருக்கிறது, அளவு ஒரு பக்கம் இருந்தாலும் அதை மாற்றுங்கள். கன்டெய்னரை நிறுத்தச் சொல்லும்போது வரும் சிக்டெர்ம் சிக்னல் என்பிஎம்மிடம் போகும், அது உங்கள் ஆப் வரை ஒழுங்காக வந்து சேரும் என்று நம்ப முடியாது. நேரடியாக நோட்டை ஓட்டுங்கள், அடைப்புக்குறிப் பட்டியலாக எழுதும் எக்ஸெக் வடிவத்தில். அப்போதும் ஒன்று கவனிக்க வேண்டும்: முதல் ப்ராசஸாக ஓடும் எதற்கும் கெர்னல் சிக்னலின் இயல்பான செயலைத் தராது. சிக்டெர்முக்கு உங்கள் கோடில் ஹேண்ட்லர் இல்லாவிட்டால் நோட் அதைக் கண்டுகொள்ளாது. டாக்கர் பத்து வினாடி, குபர்னெட்டீஸ் இயல்பாக 30 வினாடி காத்திருந்துவிட்டுக் கொன்றுவிடும், பாதியில் இருந்த ரிக்வெஸ்ட்டுகளோடு சேர்த்து. ஹேண்ட்லர் எழுதி சர்வரை ஒழுங்காக மூடுங்கள். முதல் ப்ராசஸாக நின்று சிக்னல்களைக் கடத்தும் டினி போன்ற சிறிய இனிட் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நோட் மாட்யூல்ஸைக் குறைப்பது தனி வேலை, சலிப்பான வேலை. முதலில் பெரிய தலைகள்: கூகுள்ஏபிஐஸ் என்ற ஒட்டுமொத்த பேக்கேஜ், ஏடபிள்யூஎஸ் எஸ்டிகேயின் பழைய இரண்டாம் பதிப்பு, எங்கிருந்தோ ப்ரொடக்ஷனுக்குள் நுழைந்துவிட்ட டைப்ஸ்கிரிப்ட், குரோம் பிரவுசரையே இறக்கிக்கொள்ளும் பப்பெட்டியர். ஒரு பேக்கேஜை யார் கூட்டிவந்தார்கள் என்று என்பிஎம் எக்ஸ்ப்ளெய்ன் கட்டளை சொல்லும். முதல் இரண்டுக்கும் தேவையான சேவையை மட்டும் நிறுவும் தனித்தனி பேக்கேஜ்கள் இருக்கின்றன. அதைத் தாண்டி, இஎஸ்பில்ட் என்ற டூல் கொண்டு முழு ஆப்பையும் ஒரே ஃபைலாக பண்டில் செய்தால் நோட் மாட்யூல்ஸே தேவைப்படாத நிலைகூட வரும். சிறிய சர்வீஸ்களுக்கு எனக்கு மிகவும் பிடித்த வழி. ஆனால் ஷார்ப், ப்ரிஸ்மா எஞ்சின் போன்றவற்றைப் பண்டிலுக்கு வெளியேதான் வைக்க வேண்டும், தன் ஃபோல்டரிலிருந்து டெம்ப்ளேட் ஃபைல்களை வாசிக்கும் பேக்கேஜ்கள் உடையும், எரர் டிரேஸ் படிக்க சோர்ஸ் மேப்பும் வேண்டும். உங்கள் ஆப்பில் எடையான இரண்டும் வெளியேதான் நிற்கும் என்பதால் லாபம் சுமார்தான், இப்போதைக்குத் தள்ளிப்போடலாம்.

சில விஷயங்களுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். நோட் பைனரியை யுபிஎக்ஸ் என்ற டூல் கொண்டு சுருக்குவது: லேயர் ஏற்கெனவே சுருக்கப்பட்டே பயணிப்பதால் நெட்வொர்க்கில் பெரிதாக எதுவும் மிச்சமாகாது, ஸ்டார்ட் ஆகும்போது மெமரியில் விரிக்கும் செலவுதான் கூடும். நோட் மாட்யூல்ஸுக்குள் புகுந்து ரீட்மீ, டெஸ்ட், டாக்ஸ் ஃபோல்டர்களை அழிக்கும் ஸ்கிரிப்டுகள்: சில எம்பி கிடைக்கும், டாக்ஸ் அல்லது டெஸ்ட் என்ற பெயரிலேயே உண்மையான கோடை வைத்திருக்கும் பேக்கேஜ் ஒன்று ஒரு நாள் ப்ரொடக்ஷனில் விழும்.

மெனக்கெடுவதில் பயன் உண்டா என்ற இரண்டாவது கேள்விக்கு என் பதில், மொத்த அளவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்பதுதான். லேயர்கள் பகிரப்படுகின்றன. ஒரே சர்வரில் உங்கள் பத்து சர்வீஸ்கள் ஒரே ஸ்லிம் இமேஜ் மீது நின்றால் அந்த 220 எம்பி டிஸ்க்கில் ஒரே முறைதான் இருக்கும், ஒரே முறைதான் இறங்கும். ஒவ்வொரு டீமும் தன் விருப்பப்படி ஆல்பைன், ஸ்லிம், டிஸ்ட்ரோலெஸ் என்று போனால் தனித்தனியாகப் பார்க்கச் சிறியது, சேர்த்துப் பார்க்கப் பெரியது. தினமும் பத்து முறை டிப்ளாய் செய்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு முறையும் மாறும் லேயர் எவ்வளவு என்பதுதான் கணக்கு. அடிப்படை கீழே, டிபெண்டன்சி நடுவில், டிஸ்ட் மேலே என்று அடுக்கினால் சாதாரண டிப்ளாயில் நகர்வது ஓரிரு எம்பி. புதிய சர்வர் எழும்பி எல்லாவற்றையும் முதலிலிருந்து இழுக்கும் ஆட்டோஸ்கேலிங் சூழலில் மட்டும் மொத்த அளவு நேரடியாக நேரமாக மாறும். இரண்டு விர்ச்சுவல் மெஷினில் நிரந்தரமாக ஓடும் ஆப் என்றால், 300-லிருந்து 200-க்கு இறங்குவதற்காக ஒரு வாரத்தைச் செலவிடச் சொல்ல மாட்டேன். 900-லிருந்து 300-க்கு இறங்குவது ஒரு மதிய வேலை, அதை இன்றே செய்யலாம்.

என் அனுபவம் லினக்ஸ் சர்வர்களிலும் குபர்னெட்டீஸிலும்தான். ஏடபிள்யூஎஸ்ஸின் லாம்டா போன்ற இடங்களில் கன்டெய்னர் இமேஜை ஏற்றும் முறையே வேறு, அங்கே இந்தக் கணக்குகளை அப்படியே எடுத்துப் போக வேண்டாம். நீங்கள் சொன்ன டிபெண்டன்சிகளை வைத்து மதிப்பிட்டால், ஸ்லிமில் விரித்த அளவு 300-லிருந்து 350 எம்பிக்குள், ஆல்பைனில் 240 சுமாருக்கு வர வேண்டும். சுருக்கிய கணக்கில் ஆல்பைன் உங்கள் 100-க்குள் வந்துவிடும், ஸ்லிம் அதை ஒட்டி நிற்கும். மூன்று ஸ்டேஜுக்கும் மாற்றி, சௌன் வரியை எடுத்த பிறகும் 400-க்கு மேல் காட்டினால் டாக்கர் ஹிஸ்டரி வெளியீட்டையும் நோட் மாட்யூல்ஸின் டியு பட்டியலில் முதல் இருபது வரிகளையும் இங்கே ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன். டோக்கன், டேட்டாபேஸ் முகவரி எதுவும் அதில் இல்லையென்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.